தொண்ணூற்றொன்பதுக்குப் பிறகு

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்த ஒரு கம்பெனியில் எழுபதுகளின் நடுவில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. எங்களுடையது மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கிற தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், ஆபீஸ் கடிதங்களில் இங்கிலீஷ். தமிழ் எழுதப் படிக்க அப்பா பிடிவாதமாகச் சொல்லிக்கொடுத்ததால்தான் இதை இப்போது எழுத முடிகிறது.

கம்பெனிக்கு அந்தத் தெருவிலேயே இரண்டு கிடங்குகள். பாண்டிகசாலை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். முன்வாசல் தெருவில், பின்வாசல் காயல் என்கிற உப்பங்கழியில். நடு முற்றத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுக்கைத் தரம் பிரிப்பார்கள், மிளகைப் புடைப்பார்கள். ஆபீஸ் மாடியில் இருந்தது. மரப்படி ஏறி மேலே வருவதற்குள் தும்மல் வந்துவிடும். முதல் வருடம் முழுவதும் தும்மிக்கொண்டே டைப் அடித்தேன்.

வேலைக்கு வருகிற பெண்கள் எப்போதும் இருக்கிற வேலையைவிட அதிகம். இன்று யாருக்கு வேலை, யார் திரும்பிப் போக வேண்டும் என்பதை மேஸ்திரி காலையில் கேட்டருகே நின்று விரலை நீட்டிச் சொல்வார். அந்த விரல் சிலரிடம் அடிக்கடி போகும், சிலரிடம் போகவே போகாது. யூனியன் இதற்காகப் பல வருடம் சண்டை போட்டது. கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. முறை வைத்து வேலை கொடுப்பது, இத்தனை நாள் வேலை செய்தவர்களை வரிசைப்படி நிரந்தரமாக்குவது என்று ஒப்பந்தம் ஆயிற்று. அந்த முறையையும் நாட்களையும் பெரிய ரெஜிஸ்டரில் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. தினமும் பாதி நாள் அதற்கே போயிற்று. ஒரு கோடு தவறிப் போட்டால் மறுநாள் காலையில் முற்றத்தில் கூச்சல் கேட்கும்.

எண்பதுகளின் நடுவில் முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். கம்ப்யூட்டர் என்றாலே யூனியன்கள் கொடி பிடித்த காலம் அது. எங்கள் கம்பெனியில் மட்டும் யூனியன் செக்ரட்டரி சம்மதித்தார். மேஸ்திரியின் விரலைவிட மெஷின் தேவலை என்று பெண்களே அவரிடம் சொல்லியிருந்தார்கள். இதனால் ஒருத்தருக்கும் வேலை போகக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்.

எர்ணாகுளத்திலிருந்து ஒருவர் வந்து இரண்டு மாதம் உட்கார்ந்து புரோகிராம் எழுதினார். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு எண். அன்றைக்கு யார் வந்தார்கள் என்று நான் எண்களை அடித்தால், நாளை யாருடைய முறை என்று மாலை நான்கு மணிக்கு பிரிண்டர் ஒரு லிஸ்ட்டைத் துப்பும். அதை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். ஒவ்வொருவரும் இதுவரை வேலை செய்த நாட்களை உள்ளேயே எண்ணிக்கொள்ளும். பச்சை எழுத்துகள் திரையில் ஓடுவதைப் பார்க்க மேஸ்திரிகூட படியேறி வந்தார். ரெஜிஸ்டரை மூடி அலமாரியில் வைத்தோம். மூடலாம் என்று மேனேஜரிடம் யோசனை சொன்னவள் நான்தான்.

எழுதியவர் சில மாதத்தில் மஸ்கட்டுக்குப் போய்விட்டார். போவதற்கு முன் ஒரு வாரம் எனக்குப் புரோகிராமைக் காட்டினார். ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண், பத்து பத்தாகத் தள்ளி. நடுவில் எதையாவது சேர்க்க இடம் விட்டிருக்கிறேன் என்றார். அவருடைய கம்பெனியிலிருந்து வேறு ஆள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து பார்த்துப் போக ஏற்பாடு செய்யலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். மேனேஜர் திருச்சூர்க்காரர், கெட்ட மனிதர் அல்ல. ஓடிக்கொண்டிருக்கிற சாதனத்தை எதற்காகப் பார்க்க வேண்டும் என்றார்.

அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கிடங்கு அப்படியே நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு என்றார்கள். அரை நாள் வேலை என்று ஒன்று வந்தது. மழைக்காலத்தில் சுக்குக்குத் தனி முறை, மிளகுக்குத் தனி முறை என்று யூனியனோடு புதிதாகப் பேசி முடித்தார்கள். ஒவ்வொரு முறையும் மேனேஜர் படியிலிருந்தே எட்டிப்பார்த்து, நாளையிலிருந்து இப்படி என்பார். நான் பத்துக்கும் இருபதுக்கும் நடுவில் பதினைந்தாவது வரியைச் சேர்ப்பேன். பிறகு பன்னிரண்டு. பிறகு பதினொன்று. இடமில்லாத இடத்தில் வேறெங்கோ தாவி ஓடித் திரும்பி வரும்படி எழுதுவேன். எதற்காக எதைச் சேர்த்தேன் என்று எங்கும் குறித்துவைக்கவில்லை. நினைவிருக்கும் என்று நினைத்தேன். ஒரு பெண் பிள்ளை தானாகக் கற்றுக்கொண்டு மெஷினை ஆட்டிவைக்கிறாள் என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்றாவது கிடங்கு எடுத்தபோது பெண்களின் எண்ணிக்கை நூற்றை நெருங்கியது. அப்போதுதான் கவனித்தேன், புரோகிராமில் எண்ணுக்கு இரண்டு இலக்க இடம்தான் இருந்தது. தொண்ணூற்றொன்பதுக்குப் பிறகு அதற்கு ஒன்றும் தெரியாது. எல்லா ஃபைல்களையும் பிரித்து அகலமாக்க வேண்டும். எனக்கு அது முழுதாகத் தெரியாது, மெதுவாகச் செய்தால் செய்துவிடலாம் என்று தோன்றியது. பத்து நாள் மெஷினை நிறுத்தி வைக்கலாமா என்று கேட்டேன்.

"பத்து நாள் லிஸ்ட் யார் போடுவது? மேஸ்திரியா?" என்றார் மேனேஜர். போய்விட்ட பெண்களின் எண்கள் காலியாகத்தானே இருக்கின்றன, அவற்றைப் புதியவர்களுக்குக் கொடு என்றார். மூன்று மாதமாக வராதவர்கள் பட்டியலை எடுத்தேன். பதினொரு பேர். பதினொரு பெயர்களுக்கு மேல் பதினொரு புதுப் பெயர்களை அடித்தேன். ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

அந்தப் பதினொரு பேரில் நாற்பத்தொன்று என்ற எண்ணுக்குரியவள் போய்விடவில்லை. பிரசவத்துக்காக லீவில் இருந்தாள். கம்பம் பக்கத்திலிருந்து வந்து எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த தமிழ்ப் பெண். மலையாளிப் பெண்கள் என்னைச் சேச்சி என்பார்கள், அவள் ஒருத்திதான் அக்கா என்று கூப்பிடுவாள். லீவுச் சீட்டை என் கையில்தான் கொடுத்திருந்தாள். லீவு என்று பதிய புரோகிராமில் இடம் இல்லாததால் சீட்டை மேஜை டிராயரில் போட்டிருந்தேன். பெயர்களை அழித்த அன்று டிராயரைத் திறந்து பார்க்கவில்லை.

இன்னொன்றும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பெயர்கள் ஒரு ஃபைலில் இருந்தன, நாட்கள் வேறொரு ஃபைலில் இருந்தன. பெயரை மட்டும் மாற்றியிருந்தேன். பழைய பெண்ணின் நாட்கள் புதிய பெண்ணின் பெயரில் ஏறிக்கொண்டன.

அடுத்த நிரந்தரப் பட்டியல் வந்த வாரத்தில்தான் அவள் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினாள். போர்டில் ஆறு பெயர்கள். மூன்றாவதாக நாற்பத்தொன்று. எதிரில் வேறு ஒருத்தியின் பெயர், வந்து ஒன்றரை மாதம் ஆன ஒரு பெண். கீழே சத்தம் கேட்டு நான் படியில் வந்து நின்றபோது அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இருபது முப்பது பேர்.

"அக்கா, நம்பர் என்னோடதுதான? பேரு மட்டும் வேற யாரோடதோ. என் நாளெல்லாம் எங்க போச்சு?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் ஏதோ தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லி உடனே சரிசெய்துவிடுவேன் என்ற முகத்தோடு கேட்டாள். பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே ஒருத்தி, சேச்சி எவ்வளவு வாங்கினாளோ என்று உரக்கச் சொன்னது கேட்டது.

மேனேஜர் உள்ளே வந்தார். செக்ரட்டரி மூன்று மணிக்கு வருகிறார், அதற்குள் சரிசெய்துவிடு என்றார். பிறகு குரலைத் தணித்து, மெஷினில் தப்பு என்று மட்டும் சொல்லிவிடாதே, சொன்னால் நாளைக்கே இதைத் தூக்கிக் காயலில் போடுவார்கள், மறுபடியும் மேஸ்திரி கேட்டில் நிற்பார் என்றார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

அப்போது மணி பன்னிரண்டு. அந்தப் பதினொரு எண்களின் நாட்களை மட்டும் பூஜ்யமாக்கிவிட்டு, சரியான நாட்களைப் பிறகு கையால் அடிக்கலாம் என்று நினைத்தேன். ஒன்றிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை ஒவ்வொரு எண்ணாகப் பார், இந்தப் பதினொன்றில் ஒன்றாக இருந்தால் அழி, இல்லையென்றால் விட்டுவிடு. இதுதான் நான் எழுத நினைத்தது. மணியைப் பார்த்துக்கொண்டே அடித்தேன். இடமில்லாமல் நெருக்கி எழுதிய வரிகளுக்கு நடுவில் ஒரு வரிக்கு ஏற்கெனவே இருந்த எண்ணையே மறுபடி கொடுத்துவிட்டேன். அந்த மெஷினில் அப்படிக் கொடுத்தால் பழைய வரி போய்விடும். போனது 'இந்தப் பதினொன்றில் ஒன்றாக இருந்தால்' என்ற வரி.

ஓடவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முடிந்ததும், எந்த வேலை செய்தாலும் உடனே இரண்டாவது பிளாப்பியில் நகல் எடுத்துவைக்கும் நல்ல பழக்கப்படி பழைய நகலின் மேலேயே புது நகலும் எடுத்தேன். பிறகு நாட்களைத் திரையில் வரவழைத்தேன். முதல் எண்ணுக்கு எதிரில் பூஜ்யம். இரண்டாவதற்கும் பூஜ்யம். கடைசி வரை பூஜ்யம்.

மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெஷினுக்காக ஏ.சி. போட்ட அறை, ஆனால் ரவிக்கை முதுகில் ஒட்டியிருந்தது. போன மாதத்து நகல் ஒன்று அலமாரியில் இருக்க வேண்டும் என்று நினைவு வந்து ஓடி எடுத்தேன். பஜார் ரோட்டு மழைக்கால ஈரம் பிளாப்பிக்குள் புகுந்திருந்தது. உறையிலிருந்து வெளியே எடுத்தபோதே அந்தக் கறுப்பு வட்டில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை தெரிந்தது. முந்தானையால் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். மெஷின் கிர்ர் கிர்ர் என்று தேடியது, படிக்க முடியவில்லை என்று எழுதிக் காட்டியது. ஏழு முறையோ எட்டு முறையோ போட்டேன். ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் நம்பிக்கை கொடுத்துவிட்டு நின்றது.

பின்பக்க ஜன்னலைத் திறந்தேன். மிளகுத் தூசி வரும் என்று வருடக்கணக்காகத் திறக்காத ஜன்னல். கீழே காயலில் ஒரு வஞ்சிப் படகு மூட்டைகளோடு நின்றிருந்தது. இந்த மெஷினோடு சேர்த்து என்னையும் யாராவது தூக்கிப் போட்டால் நல்லது என்று தோன்றியது. அந்த எண்ணம் எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியாது. செக்ரட்டரி வந்துவிட்டார் என்று யாரோ கதவைத் தட்டினார்கள்.

கீழே இறங்கிப் போனேன். மேனேஜர் என் முகத்தைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். முற்றத்தில் எல்லாப் பெண்களும் நின்றிருந்தார்கள். மலையாளத்தில்தான் சொன்னேன். மெஷின் தானாக எதுவும் செய்யவில்லை, லீவுச் சீட்டைப் பார்க்காமல் பெயரை அழித்தது நான், இன்றைக்கு அதைச் சரிசெய்யப் போய் எல்லாருடைய நாட்களையும் அழித்ததும் நான் என்றேன். கூச்சல் வரும் என்று எதிர்பார்த்தேன். வயதான ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், எல்லாருடையதுமா என்று கேட்டாள். பிறகுதான் கூச்சல் வந்தது.

மறுநாள் காலையில் மேஸ்திரி மறுபடியும் கேட்டில் நின்று விரலை நீட்டினார். எனக்கு மெமோ வந்தது. வேலையை விட்டு எடுக்கவில்லை, அந்தப் புரோகிராமைத் தொடத் தெரிந்த வேறு ஆள் அவர்களுக்கு இல்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திரும்பக் கொண்டுபோய், வழியில் நாய்க்குப் போட்டுவிட்டுப் போவேன்.

நாட்களைத் திரும்பக் கண்டுபிடிக்கக் காகிதங்களைத் தேடினேன். கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய ரெஜிஸ்டர்கள் என் கையெழுத்தில் முழுதாக இருந்தன. அதற்குப் பிறகு தினமும் போர்டில் ஒட்டிய லிஸ்ட்டுகள் இருக்க வேண்டும். கடைசி நான்கு மாதத்தில் வந்தவை மட்டும் கிடைத்தன. அதற்கு முந்தையவற்றை, நல்ல அகலமான காகிதம் என்று சாம்பிள் பெட்டிகளுக்கு உள்ளே விரிக்க எடுத்துப்போய்விட்டார்களாம். கேட்டு அனுப்பியபோது சரி என்று தலையாட்டியது நான்தான் என்று பேக்கிங் பிரிவில் ஞாபகப்படுத்தினார்கள். எங்கள் லிஸ்ட்டுகள் கப்பலேறி எந்தெந்த ஊருக்கோ போய்விட்டன.

ஒன்றரை மாதம் உட்கார்ந்து எண்ணினேன். பெண்கள் ஒவ்வொருவராக மேலே வந்து, ஓணத்துக்கு முந்தின வாரம் வந்தேன், மகனுக்குக் காய்ச்சல் கண்ட அன்று வரவில்லை என்று சொல்வார்கள். சிலர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்கள். பழைய ரெஜிஸ்டரில் பெயர் இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் சரிசெய்ய முடிந்தது. கடைசி நான்கு மாத லிஸ்ட்டில் இருந்தவர்களுக்கும் ஏதோ ஒரு கணக்கு கிடைத்தது. காகிதத்தில் இருப்பதைத்தான் ஏற்போம் என்று கம்பெனி சொல்லிவிட்டது.

நாற்பத்தொன்றாம் எண்காரி ரெஜிஸ்டரை மூடிய பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். லீவில் போனது அந்தக் கடைசி நான்கு மாதம் தொடங்குவதற்கு முன்பு. அவள் வேலை செய்த நாட்கள் முழுவதும், ஒரு நாள்கூட வெளியே நிற்காமல், காகிதம் இல்லாத அந்தக் காலத்துக்குள் விழுந்திருந்தன. அவளுடைய பெயர் எழுதிய ஒரே காகிதம் என் டிராயரில் கிடந்த லீவுச் சீட்டு. லீவு எடுத்தாள் என்றால் அதற்கு முன் வேலை செய்தாள் என்றுதானே அர்த்தம் என்று மேனேஜரிடம் வாதாடினேன். எத்தனை நாள் என்று அதில் எழுதியிருக்கிறதா என்று கேட்டார்.

அவள் இரண்டு வாரம் கேட்டில் வந்து நின்றாள். மேஸ்திரியின் விரல் அவளிடம் போகவில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து வரவில்லை. நான் அவள் வீட்டுக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று தினமும் நினைத்து, அந்தத் தெருமுனை வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

புரோகிராமை முதல் வரியிலிருந்து திரும்ப எழுதினேன். மூன்று மாதம் ஆயிற்று. எண்ணுக்கு நான்கு இடம் விட்டேன். லீவுக்கு இடம் வைத்தேன். ஒருமுறை கொடுத்த எண்ணை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாதபடி செய்தேன். தினமும் ஒட்டும் லிஸ்ட்டில் பெயருக்குப் பக்கத்தில் அவரவருடைய நாட்களையும் அடிக்கவைத்தேன், தப்பு இருந்தால் அன்றைக்கே வந்து கேட்கலாம். ஒரு வரியைத் தொட்டால்கூட எதற்காக என்று தேதி போட்டு நோட்டில் எழுதினேன். பிளாப்பிகளை, ஈரத்தை இழுக்க, சுண்ணாம்புக் கல் முடிந்த துணியோடு பிஸ்கட் டின்னில் வைத்தேன், மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் போட்டுப் படிக்கிறதா என்று பார்த்தேன். இதையெல்லாம் எனக்கு முதலிலேயே செய்யத் தெரிந்திருந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

செக்ரட்டரி விடவில்லை. ஆறு மாதம் பேசி, கூட வேலை செய்த இரண்டு பேர் சாட்சி சொன்னால் காகிதம் இல்லாத நாட்களையும் ஏற்பது என்று கம்பெனியை ஒப்புக்கொள்ள வைத்தார். செய்தி வந்த அன்று மத்தியானமே அனுமதி கேட்டுக்கொண்டு கிளம்பினேன். அவள் பஸ்ஸில் போகிற தூரத்தில் தோப்பும்படியில் இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை செய்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

ஈரத் தரை, தகரக் கூரை. ஐம்பது அறுபது பெண்கள் குந்தி உட்கார்ந்திருந்தார்கள். அவள் சுவரோரமாக இருந்தாள். பக்கத்தில் ஒரு மரப்பெட்டியில் பழைய புடவை விரித்து, மேலே துணி போர்த்திக் குழந்தையைத் தூங்கவைத்திருந்தாள். விரல் நுனிகளெல்லாம் வெளுத்துத் தோல் உரிந்திருந்தது. நான் குனிந்து விஷயத்தைச் சொன்னேன். இரண்டு சாட்சிகளும் தயார், நீ வந்து ஒப்புப் போட்டால் போதும், நிரந்தரமாகிவிடும் என்றேன். அவள் உரிப்பதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டாள்.

"வேண்டாம்க்கா."

நான் மறுபடியும் சொல்ல ஆரம்பித்தேன். புரோகிராமை மாற்றிவிட்டேன், இனி அப்படி நடக்கவே நடக்காது என்றேன்.

"உங்க மேல எனிக்கு ஒண்ணும் இல்ல. அன்னிக்கி எல்லார் முன்னாடியும் நாந்தான்னு சொன்னீங்கள்ல, அது ஓர்மை உண்டு, மறக்கல." ஒரு இறாலின் தலையைக் கிள்ளிப் போட்டாள். "ஆனா இனி ஒருக்கா அந்தப் போர்டுக்கு முன்ன போயி என் பேரு இருக்கா இல்லையான்னு தேட எனக்கு ஆகாது. இங்க பிள்ளை பக்கத்துல கெடக்கு. ஒரு பேசின் முடிச்சா ஒரு டோக்கன் தராங்க, மடியில கட்டிக்கிறேன். போதும்."

மேற்பார்வை பார்க்கிற ஆள் என்ன வேண்டும் என்று கேட்டார். அவள், தெரிஞ்சவங்க, இப்ப போயிருவாங்க என்று சொன்னாள்.

வெளியே வந்தபோது மழை பிடித்திருந்தது. நின்ற முதல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பாலத்தில் ஏறிய பிறகுதான் அது எர்ணாகுளம் போகிற பஸ் என்று தெரிந்தது. கண்டக்டர் எங்கே போக வேண்டும் என்று இரண்டு முறை கேட்டார், இரண்டாவது முறை மட்டாஞ்சேரி என்றேன். பாலத்துக்கு அக்கரையில் ஐலண்டில் இறக்கிவிட்டார். குடையை ஷெட்டிலேயே மறந்துவிட்டிருந்தேன். பாலத்தின் மேல் நனைந்துகொண்டே தோப்பும்படிக்குத் திரும்ப நடந்தேன். கீழே மீன் படகுகள் ஒன்றன் பின் ஒன்றாக உள்ளே வந்துகொண்டிருந்தன. ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை தாண்டியிருந்தது. மறுநாள் லிஸ்ட்டுக்காகப் பெண்கள் படிக்கட்டில் காத்திருந்தார்கள். ஈரப் புடவையோடு உள்ளே போய் மெஷினைப் போட்டேன்.